ஹாலில் வேலையாக இருப்பவர்

பிஸ்டனை அவன் கழுவவில்லை.

முந்தின நாள் சாயந்திரம் அதை மண்ணெண்ணெய் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, ஊறட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துபோனது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்வது அவனுக்குக் கைவந்த கலை. அந்த விஷயத்தில் ஞாபகப் பிசகுக்கு இடமே இல்லை. இப்போது வாக்கிங் முடித்து வந்து ஹால் விளக்கைப் போட்டால், பிஸ்டன் செய்தித்தாள் மேல் உலர்ந்து உட்கார்ந்திருக்கிறது. தலையில் அடை அடையாக அப்பியிருந்த கரியைக் காணோம். ரிங் உட்காரும் பள்ளங்களில்கூட, நகம் நுழையாத அந்த இடுக்குகளில்கூட, பொட்டு அழுக்கில்லை. பக்கத்தில் ரிங்குகள், மேலே வருவது எது கீழே போவது எது என்ற வரிசையில். அதற்கும் பக்கத்தில் ஒரு டம்ளர் டீ, ஆடை கட்டி, ஆறிப்போய்.

சமையலறையில் குக்கர் சத்தம். மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இது அவள் வேலைதான் என்று புரிந்ததும் டம்ளரை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டான். சும்மாவா? அவள் அவனோடு சரியாகப் பேசி மாசக்கணக்கில் ஆகியிருந்தது.

வண்டி, பழைய பைக், மாமனாருடையது. அவர் போய்ச் சேர்ந்தபின் மாடிப்படிக்கு அடியில் நின்றது. புகை கக்கும், ஏற்றத்தில் இருமும்; ஆனால் உதைத்தால் கிளம்பும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே அவள் மாதம் ஒருமுறை அதை உதைத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் நிற்பாள். அதைப் பார்த்துத்தான் இவனுக்கு அந்த யோசனை வந்தது. என்ஜின், கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் ஹாலுக்குக் கொண்டுவந்து தானே பிரித்து, புதுசு மாதிரி ஆக்கித் தருவதாகச் சொன்னான். வீடியோ பார்த்தால் போதும், சின்னப் பிள்ளைகூடப் பண்ணும் என்றான். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். பாதியில் நின்றுபோன கிடார் பாடமும், பாதி பெயிண்ட் அடித்த படுக்கையறைச் சுவரும் அவள் கண்முன் வந்திருக்க வேண்டும். பிரித்த மறுநாளே என்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் ஒரு போல்ட்டை முறுக்கி உடைத்தான். பாதி உள்ளே, பாதி கையில். அன்று அவள் கத்தவில்லை. இதையும் இப்படியே போட்டுவிட்டால் தான் அக்கா வீட்டோடு போய்விடப்போவதாக, மருந்துச் சீட்டு படிக்கிற குரலில் சொன்னாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ரத்தம் எடுக்கும்போதும் அதே குரல்தான். வலிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவாள்.

அப்படிப்பட்டவள் அவனுக்குத் தெரியாமல் உட்கார்ந்து பிஸ்டன் கழுவியிருக்கிறாள். ஒரு டீயும் வைத்திருக்கிறாள். அவன் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் இல்லை என்பாள், வீம்புக்காக அதையும் நிறுத்திவிடுவாள். ஆறிய டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அன்றைக்குப் பாத்திரம் முழுவதையும் அவனே தேய்த்தான்.

அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினால், பூங்காவை இரண்டு சுற்று, பெட்டிக்கடையில் கொஞ்சம் வெட்டிப் பேச்சு, சர்க்கரைக்கு விரோதமாக ஒரு டீ. இருட்டும் நேரத்துக்குத் திரும்புவான். அவள் வேலை முடிந்து வருவது அவன் வெளியே இருக்கும் அந்த இடைவெளியில். ஒருநாள் கிளட்ச் பிளேட்டுகள் துடைத்து அடுக்கியிருந்தன. ஒருநாள் என்ஜின் இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பில் ஒட்டிக் காய்ந்திருந்த பழைய கேஸ்கட் முழுக்கச் சுரண்டப்பட்டிருந்தது. அதைச் சுரண்டத்தான் அவன் ஒருவாரமாகப் பயந்துகொண்டிருந்தான். பிளேடு கொஞ்சம் அழுந்தினால் அலுமினியத்தில் கீறல் விழும், கீறல் விழுந்தால் ஆயுசுக்கும் ஆயில் ஒழுகும். விரலை வைத்து ஓட்டிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது, இப்போதுதான் முளைத்த தோல் மாதிரி. ஏனோ விரலைச் சட்டென்று எடுத்துவிட்டான்.

ஒவ்வொரு முறையும் ஆறிய டீ. ஒவ்வொரு முறையும் அவன் குடித்தான்.

அவளும் மாறிக்கொண்டிருந்தாள். தோசைக்கல்லைத் தொப்பென்று வைப்பது நின்றது. துணி மடிக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். ஒரு ராத்திரி, சாப்பிடும்போது, இப்படிப் பேசாமல் கொள்ளாமல் ஒரு வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு செய்யும்போது நீங்கள் வேறு ஆள் மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து அவனும் சிரித்துவைத்தான். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

உடைந்த போல்ட்டை எடுப்பதற்காக ஹெட்டை லேத்துப் பட்டறையில் கொடுத்திருந்தான். வாங்கப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் இரும்புத்தூள் அப்பிய மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"மத்தியானமே வாங்கிட்டுப் போயிட்டீங்களே சார்."

"நானா?"

"பின்ன, நானா? வண்டியே இல்லாம ஹெல்மெட் போட்டுட்டு நடந்து வந்தீங்க. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. வீட்ல ஏதாவது துக்கமோன்னு பேசாம இருந்துட்டேன். நீங்களும் வாயே திறக்கல. கையை நீட்டினீங்க, கொடுத்தேன், போயிட்டீங்க."

வேறு யாராவது இருக்கும் என்றான். அவர், நீலக்கட்டம் போட்ட சட்டை, இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை, கல்யாண மோதிரம், எல்லாம் இந்தச் சார்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷத்தில், வயசானால் இப்படித்தான், தன் மைத்துனர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பாடு கேட்பார் என்று சேர்த்துக்கொண்டார். அவன் பலமாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே தெருவுக்கு வந்தான். தெருமுனை திரும்பும்வரை முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஹெட் இருந்தது. செய்தித்தாள் மேல், மழையில் நனைந்த பையோடு. அவள் இன்னும் வரவில்லை. நீலக்கட்டச் சட்டை கொடியில் தொங்கியது. மடக்கிவிட்ட கைகளில் கறுப்பாய் ஆயில் கறை. ஹெல்மெட் அலமாரி மேல் வழக்கமான இடத்தில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தான். வெளியே காய்ந்திருந்தது. உள்ளே பஞ்சு ஈரம். முகர்ந்து பார்த்திருக்க வேண்டாம். வியர்வை நாற்றம் இல்லை, மூச்சு நாற்றம் இல்லை, தலைமுடி எண்ணெய் வாசனைகூட இல்லை. மண்ணெண்ணெய் மட்டும்தான்.

மாமனாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு பயத்தைக் காட்டிலும் ஆறுதலாகத்தான் இருந்தது என்பது அவனுக்கே ஆச்சரியம். மனுஷர் தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறார், மாப்பிள்ளை கையில் நம்பி விடவில்லை, உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். ஆனால் மாமனார் கால் இழுத்து நடந்தவரில்லை. இழுத்து நடப்பது இவன்.

கையை எதிலாவது வைத்திருக்க வேண்டும்போல் இருந்ததால் போனை எடுத்தான். கற்றுக்குட்டிகளுக்கு வீடியோவில் வரும் எல்லா வாத்தியார்களும் சொல்கிற பாடம் ஒன்று உண்டு: எதைக் கழற்றுவதற்கு முன்னும் ஒரு போட்டோ எடுத்துக்கொள். இவன் அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தான். கியர் பாக்ஸ் பிரித்த அன்று பட்ட பாடு தனிக்கதை. இரண்டு தண்டுகள், அவற்றில் கோத்த பல்சக்கரங்கள், நடுநடுவே காகிதம் மாதிரி வாஷர்கள். வெளியே எடுத்ததும் எல்லாம் சரிந்து கொட்டப் பார்த்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, கிளிக் பண்ணுவது எந்தக் கையால்? மனுஷனுக்கு மூன்று கை வைத்திருக்கலாம், எனக்கு இருப்பதில் ஒன்று சும்மா கணக்குக்கு என்று அன்றைக்கு வாய்விட்டுப் புலம்பியதும் ஞாபகம் வந்தது.

அந்தப் போட்டோவைத் திறந்தான். அசையாமல் தெளிவாக வந்திருந்தது. பல்சக்கரங்கள் சரியாமல் நேராக நின்றன. ஒரு கை கீழிருந்து தாங்கியிருந்தது. இன்னொரு கை மேலே அழுத்தியிருந்தது.

இரண்டு கை.

இரண்டும் அவனுடையது. மோதிரம். கட்டைவிரலில் கதவிடுக்கில் நசுங்கிய நகம். படம் எடுத்தவனும் அவன்தான், ஒரு கையாவது போனில் இருந்திருக்க வேண்டும். அப்போது வீட்டில் வேறு யாரும் இல்லை.

அடுத்த போட்டோ. இரண்டு கை. அதற்கடுத்தது. இரண்டு கை. பின்னால் தள்ளிக்கொண்டே போனான். முதல் நாளின் முதல் படத்தில்தான் இல்லை. இரண்டாவதிலேயே, ஓரத்தில், செய்தித்தாளின் விளிம்பைப் பிடித்தபடி, விரல் நுனிகள் மட்டும். நகமில்லை. ரேகையில்லை. வழவழவென்று.

போனைக் கவிழ்த்து வைத்தான். கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால், ஹாலிலிருந்து, இரும்பில் இரும்பு மெதுவாக உரசும் சத்தம். நின்றது. மறுபடி. அவசரமே இல்லாத சத்தம். வேலை தெரிந்தவன் செய்கிற சத்தம்.

அவள் சாவி போட்டுக் கதவைத் திறப்பது கேட்டது. செருப்பைக் கழற்றினாள். ஹாலில் ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஏதோ சொன்னாள், நீளமாக. பதில் குரல் வரவில்லை. குழாயை மூடினால் ஹாலில் இருப்பதற்கு இவன் மூச்சு கேட்டுவிடும் என்று தோன்றியதால் வாளி நிரம்பி வழிந்து பாதம் நனையும்வரை அப்படியே நின்றான். அவன் வெளியே வந்தபோது ஹால் காலியாக இருந்தது. அவள் சமையலறையில் இருந்தாள். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் முகம் கழுவிவிட்டதுபோல் தெளிந்திருந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு அவ்வளவும் கொட்டிட்டேன். தப்பா எடுத்துக்கலையே?"

"எதை?"

"அப்பா போன அன்னைக்கு நான் வேணும்னேதான் ஆஸ்பத்திரிக்கு லேட்டாப் போனேன். பயமா இருந்தது. இத்தனை வருஷமா உங்ககிட்டச் சொன்னதில்ல. சொல்ல வந்தாலே ஒரு ஜோக் அடிச்சு ஒப்பேத்திடுவீங்க." அவள் அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். "இன்னைக்குத்தான் கடைசி வரைக்கும் கேட்டீங்க. வேலையை நிறுத்தாம, திரும்பிப் பாக்காம. அதுதான் எனக்கு வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அது நான் இல்லை. இந்த மூன்று வார்த்தையை அவன் சொல்லியிருக்க வேண்டும். நாக்கில் ஏறிக்கூட உட்கார்ந்துவிட்டன. ஆனால் அவள் இப்படி அவனைப் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது? சொன்னால் என்ன ஆகும்? அவளுக்குக் கிடைத்த ஒரே ஒரு நல்ல சாயந்திரமும் போய்விடும், ஒரு கணவனும் போய்விடுவான், மிச்சம் இருப்பது இவன்.

"இல்லம்மா," என்றான். "தப்பா எடுத்துக்கல."

எழுந்துபோகும்போது அவள் அவன் தலையில் கைவைத்து முடியைக் கலைத்துவிட்டாள். அவன் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

மறுநாளிலிருந்து வாக்கிங் போவதை நிறுத்தினான். சர்க்கரை ஏறினால் ஏறட்டும். ஆபீஸிலிருந்து வந்ததும் ஹாலில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டான், எல்லா விளக்கையும் போட்டு, முதுகைச் சுவரோடு ஒட்டவைத்து. யாரும் வரவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆள் வராவிட்டால் வேலையை யார் செய்வது? இவன்தான். பல்சக்கரங்களைக் கோத்தான். ஒரு வாஷர் மிஞ்சியது. உருவிவிட்டு மறுபடி கோத்தான். இரண்டு மிஞ்சின. போட்டோவைப் பார்த்தால் தெரியும், பார்க்கத் தைரியமில்லை. ஒரு கிளிப் அவன் விரலிலிருந்து தெறித்துப் பறந்து ஷோகேஸ் கண்ணாடியில் பட்டு எங்கோ போய் ஒளிந்துகொண்டது. அவள் டீயோடு வந்து சோபாவில் உட்கார்ந்து, பரிசோதனைக் கூடத்தில் யாரோ ஒரு கிழவர் ஊசியைப் பார்த்து அழுததைச் சொல்ல ஆரம்பித்தாள். பயத்தில் அவனுக்கு வாய் நிற்கவில்லை. அழுதவரைப் பற்றி ஒரு ஜோக், கிளிப்பைப் பற்றி ஒரு ஜோக், தன் கையைப் பற்றி இரண்டு ஜோக். அவள் பாதியில் நிறுத்தினாள். டீயைக் குடித்து முடித்தாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் டீ இல்லை.

"பழையபடி ஆயிட்டீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், உள்ளே அலமாரியிலிருந்து பெட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது. அக்கா வீட்டுக்குக் கொண்டுபோகும் பெட்டி. அதன் சக்கரம் ஒன்று கிறீச்சிடும்.

அவன் ராத்திரி முழுக்க ஹாலில் கிடந்த சாமான்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அவனால் முடியாது. இந்த என்ஜினும் முடியாது, அவள் பேச்சைக் கடைசி வரை கேட்கிற அந்தக் காதும் முடியாது. அதை ஒத்துக்கொள்ள அவனுக்குப் பெரிதாக வலிக்கவுமில்லை. வலித்தது வேறு இடத்தில்.

மறுநாள் சாயந்திரம் சட்டையை மாற்றினான். நீலக்கட்டத்தைக் கொடியிலேயே விட்டுவைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, பழக்க தோஷத்தில், "போயிட்டு வரேன்" என்றான். ஆளில்லாத ஹால். பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவனுக்கே உறைத்தது. கதவைத் தாழிடாமல் வெறுமனே சாத்திவிட்டு இறங்கினான்.

பூங்காவை எத்தனை சுற்று சுற்றினான் என்று தெரியாது. பெட்டிக்கடையில் வாய் திறக்கவில்லை. கடைக்காரரே, என்ன இன்றைக்கு மௌன விரதமா என்று கேட்டார். தெருவில் கரண்ட் போனது. ஜன்னல்கள் எல்லாம் ஒரேயடியாக அவிந்தன. அந்த இருட்டில், கேட்டான்.

ஒரு உதை. இரண்டாவது உதை. பிடித்துக்கொண்டது.

இருமலில்லை, திணறலில்லை. மெழுகினாற்போல ஒரே சீராக ஓடும் சத்தம். இவ்வளவு அழகாக அந்த வண்டி மாமனார் காலத்தில்கூட ஓடியிருக்காது. அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அது உண்மை. ஓடினான்.

மாடிப்படி. இருட்டு. மண்ணெண்ணெய் வாடை.

கதவு திறந்தே இருந்தது. ஹாலில் ஒரே ஒரு டார்ச் வெளிச்சம். அதை அவள் பிடித்திருந்தாள், தரையில் மண்டியிட்டு. படிக்கு அடியில் நின்ற வண்டி ஹால் நடுவில் முழுசாக நின்றது. அதன் அந்தப் பக்கம், நீலக்கட்டச் சட்டையின் முதுகு. குனிந்த தலை. கழுத்தில் அவனுடைய மச்சம்.

அவன் அவளைக் கூப்பிட்டான். உறவு சொல்லி, பேர் சொல்லி, அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த செல்லப் பேரும் சொல்லி.

அவள் திரும்பினாள். மீட்டர் பார்க்க வந்தவரைப் பார்க்கிற பார்வை. கோபம்கூட இல்லை.

"சத்தம் போடாதீங்க," என்றாள் மெதுவாக. "அவர் வேலையா இருக்கார்."

நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. சிரிக்க ஆளில்லை.

என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. முதுகு நிமிர்ந்தது. தலை திரும்பியது, அவசரமே இல்லாமல், டார்ச் வெளிச்சத்துக்குள். நெற்றி இருந்தது. காதுகள் இருந்தன, இரண்டும் அவள் பக்கமாக, கேட்கத் தயாராக. மற்றதெல்லாம் சுரண்டி எடுத்த மாதிரி ஒரே வழவழப்பு. ஈரமாக மினுங்கியது. அதில் ஒரு ஓரமாக ஆயில் தெறித்திருந்தது.

அவள் டார்ச்சைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டியபின் துடைத்துவிடுவதைப் போல, வாய் இருக்க வேண்டிய இடத்தைப் பதமாகத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.